ஒரே மாலையில் இரண்டு அரையிறுதிகள்: சேலத்தில் கூட்டம் எவ்வளவு வரும், வண்டிகள் எங்கே நிற்கும்?

அஸ்தம்பட்டிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் குழு நடத்தும் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டங்கள் இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரே மைதானத்தில், ஒரே நுழைவுச்சீட்டில் நடத்தலாமா என்று குழுவுக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அனுமதி இன்னும் கைக்கு வராததால் மைதானத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ளது என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். முதல் ஆட்டத்தை நான்கு மணிக்கும், இரண்டாவது ஆட்டத்தை ஆறேகால் மணிக்கும் தொடங்கலாம் என்பது முதல் யோசனை. இரண்டாவது ஆட்டத்துக்கு வாடகை விளக்குக் கோபுரங்கள் வைப்பதாகத் திட்டம்.

செலவு குறையும் என்பதுதான் குழுவில் பெரும்பாலானோரின் வாதம். நடுவர்கள், ஆம்புலன்ஸ், விளக்கு, ஒலிபெருக்கி, தடுப்புக் கட்டைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இரண்டு நாளுக்குக் கொடுக்க வேண்டிய வாடகையை ஒரு நாளோடு முடித்துக்கொள்ளலாம். என் கவலை வேறு. லீக் ஆட்டங்களுக்கு ஆட்டக்காரர்களின் உறவினர்களைத் தவிர அதிகம் பேர் வருவதில்லை. ஆனால் அரையிறுதி, இறுதி என்று வந்துவிட்டால் எங்கிருந்துதான் வருகிறார்களோ தெரியாது, மைதானம் நிரம்பிவிடுகிறது; அதிலும் பாதிப் பேர் முதல் பாதி முடிகிற நேரத்தில்தான் வந்து சேருகிறார்கள். நான்கு அணிகளின் ஆதரவாளர்களும் ஒரே மாலையில் வந்தால் நாலாயிரம் பேர் வரை வரக்கூடும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இதில் அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் அதை முன்வைப்பேன்.

மரவனேரி ரசிகன்:

நாலாயிரம் என்பது மிகையான கணக்கு என்றே நினைக்கிறேன். இருபதாயிரம் பேர் வாழ்த்துச் சொல்வார்கள், இரண்டாயிரம் பேர் வருவதாகச் சொல்வார்கள், உள்ளே வந்து உட்காருபவர்கள் ஆயிரத்தைத் தாண்ட மாட்டார்கள். இது நம் ஊரின் குறை அன்று. எந்த ஊரிலும் உள்ளூர்க் கால்பந்துக்கு நடப்பதுதான். அதிலும் மாலை நான்கு மணி என்றால் சேலத்து வெயில் இன்னும் இறங்கியிருக்காது. மேற்குப் பக்கம் பார்த்து உட்காரும் கேலரியில் ஐந்தரை மணி வரை கண்ணைத் திறந்து பந்தைப் பார்க்க முடியாது. ஆகவே முதல் அரையிறுதியை ஆடும் இரண்டு அணிகளும் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடும். இரண்டாவது அரையிறுதியை ஆடும் அணிகளுக்கு மட்டும் கூட்டம் கிடைக்கும். அரையிறுதிக்கு உழைத்து வந்த அணிக்கு இதைவிடப் பெரிய அநீதி கிடையாது. இரண்டு நாட்களாகப் பிரித்து வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

சூரமங்கலத்தான்:

மரவனேரி அன்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். முதல் ஆட்டம் காலியாகவும் இரண்டாவது ஆட்டம் நிறைந்தும் இருப்பது இரட்டை ஆட்ட நாட்களின் இயல்பு. உலகம் முழுவதும் அப்படித்தான். ஆனால் எந்த ஆட்டத்தை முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறவும் செய்யும்.

2017ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இங்கே பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்; நான் கொச்சிக்குப் போய்ப் பார்த்தேன். லீக் சுற்று முழுவதும் ஒரு மைதானத்தில் ஒரே நாளில் மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆட்டம், இரவு எட்டு மணிக்கு ஓர் ஆட்டம் என்ற முறையில்தான் நடந்தது. ஒரே சீட்டில் இரண்டையும் பார்க்கலாம். டெல்லியில் இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களும் எட்டு மணி ஆட்டங்களே. அமெரிக்காவுக்கு எதிரான முதல் நாளில் அதற்கு முன்பு ஐந்து மணிக்குக் கொலம்பியாவும் கானாவும் ஆடின. அந்த ஆட்டத்தை நிறைந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொச்சியில் நிலைமை தலைகீழாக இருந்தது. அங்கே பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய ஆட்டமே ஐந்து மணி ஆட்டமாக அமைந்துவிட்டதால் மஞ்சள் சட்டை போட்ட பிரேசில் ரசிகர்கள் எல்லாரும் வெயில் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டார்கள். கொல்கத்தாவில் இறுதி நாளன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலும் மாலியும் ஐந்து மணிக்கு ஆடின. எட்டு மணிக்கு இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்ற இறுதி ஆட்டத்தை 66,684 பேர் பார்த்தார்கள். பிரேசில் என்ற பெயருக்காகவே அந்த ஊர் சீக்கிரம் கிளம்பி வந்தது. ஆகவே நான்கு அணிகளில் எதற்கு ஊர்க்கூட்டம் அதிகமோ அந்த அணியின் ஆட்டத்தை முதலில் வையுங்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு வருபவர்கள் எப்படியும் வருவார்கள்.

கூட்டக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் போட்டியின் 52 ஆட்டங்களுக்கும் சேர்த்து 13,47,133 பார்வையாளர்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. ஆனால் இது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிய தொகை. ஐந்து மணிக்கு வந்து பத்து மணி வரை உட்கார்ந்திருந்த ஒருவர் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார். உங்கள் நாலாயிரம் என்ற கணக்கு தலைகளின் கணக்கா, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டாயிரம் என்று கூட்டிய கணக்கா என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் தேவையானது தலைகளின் கணக்குதான்.

சாலைப் பொறியாளர் (ஓய்வு):

சூரமங்கலத்து நண்பர் சொன்ன அந்த உதாரணத்தில் குழு கவனிக்க வேண்டியது ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் இருந்த மூன்று மணி நேரம். நீங்கள் வைத்திருப்பது இரண்டேகால் மணி நேரம். ஓர் ஆட்டம் என்பது 90 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், இரண்டு பாதிகளிலும் நடுவர் சேர்க்கும் கூடுதல் நிமிடங்கள் என்று எப்படியும் ஒரு மணி ஐம்பது நிமிடத்தைத் தொட்டுவிடும். நான்கு மணிக்குத் தொடங்கினால் ஐந்து ஐம்பதுக்கு முடியும். மிஞ்சுவது 25 நிமிடம். இது லீக் ஆட்டமாக இருந்தால் கூடப் பரவாயில்லை. சமநிலையில் முடிந்தால் முடிந்தது. அரையிறுதியில் சமநிலை வந்தால் 15 நிமிடங்கள் கொண்ட இரண்டு கூடுதல் பாதிகள், அதன் பிறகும் சமநிலை என்றால் பெனால்டி உதைகள். அப்போது முதல் ஆட்டம் ஆறு நாற்பது வரை போகும். ஆறேகால் ஆட்டத்துக்காக வந்தவர்கள் வாசலிலும் சாலையிலும் நிற்பார்கள். உள்ளே இருப்பவர்கள் ஆட்டத்தின் உச்சத்தில் எழுந்து நிற்பார்கள். இரட்டை ஆட்ட நாளின் மிக மோசமான நிமிடங்கள் இவைதான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கால்பந்து விதிகளின்படி, போட்டி நடத்துபவர்கள் கூடுதல் நேரத்தை விட்டுவிட்டு நேராகப் பெனால்டி உதைகளுக்குப் போகலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். 2017 உலகக் கோப்பையிலேயே ஜப்பானும் இங்கிலாந்தும் கோல் இன்றிச் சமநிலையில் முடித்த ஆட்டம் கூடுதல் நேரமின்றிப் பெனால்டியில்தான் முடிவானது. இதைப் போட்டி விதியாகவே எழுதி, நான்கு அணிகளிடமும் இப்போதே கையொப்பம் வாங்கிவிடுங்கள். இடைவெளியையும் மூன்று மணி நேரமாக இல்லாவிட்டாலும் இரண்டே முக்கால் மணி நேரமாகவாவது ஆக்குங்கள்.

இனி வாசல் கணக்கு. 1971 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1973இல் பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிடப்பட்டது. கிரீன் கைடு என்று சொல்வார்கள். அதன் இன்றைய பதிப்புகளின்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஒரு நிமிடத்துக்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். எல்லாரும் எட்டு நிமிடங்களுக்குள் வெளியேறிவிட வேண்டும். நாலாயிரம் பேருக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: சமதள வாசல்கள் எல்லாம் சேர்ந்து ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் வேண்டும். மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்தால் பதினாறு நிமிடம் ஆகும், அதுவும் யாரும் எதிரே வராமல் இருந்தால். உங்கள் திட்டத்திலோ அந்த நேரத்தில் எதிரே ஒரு கூட்டம் வந்துகொண்டிருக்கும். உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே சாலையில் திறக்கவும் கூடாது.

உள்ளே விடுவதற்கும் அதே நூலில் அளவு உண்டு. ஒரு நுழைவு வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு 660 பேருக்கு மேல் என்று கணக்கு வைக்கக் கூடாது. சீட்டைக் கையால் கிழித்து, பையைத் திறந்து பார்த்து விடும் நம் முறையில் இதில் பாதிதான் நடக்கும். கடைசி அரை மணி நேரத்தில் இரண்டாயிரம் பேர் வந்து வாசலில் நெருக்கினால், செய்ய வேண்டியது ஆட்டத்தைத் தள்ளிவைப்பதுதான். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அதைச் செய்யாமல் வெளியேறும் கதவைத் திறந்து கூட்டத்தை உள்ளே விட்டார்கள். 97 உயிர்கள் போயின. ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் குழு முதலிலேயே முடிவு செய்து, அவரிடம் ஒரு வாக்கி டாக்கியும் கொடுத்துவிட வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்பதற்காக அவர் மனம் மாறக் கூடாது.

மலைப்பாதை:

நான் ஏற்காட்டுக்குச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். ஐயா கணக்குப் போட்டு எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் எல்லாரும் மைதானத்துக்கு உள்ளேயே பார்க்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை என்று எழுதியிருப்பதை யாருமே கேள்வி கேட்கவில்லையே.

ஞாயிறு மாலை நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை, ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டிகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கோரிமேடு வழியாக நேராக அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்தான் வந்து விழுகின்றன. வெளியூர்க்காரர்கள் இருட்டில் மலையிறங்க அஞ்சுவார்கள்; ஆகவே எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் சென்னை, பெங்களூரு வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் இறங்கும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே கோரிமேட்டிலிருந்து ரவுண்டானா வரை ஊர்ந்துதான் வர வேண்டியிருக்கிறது. உங்கள் முதல் ஆட்டம் முடியும் நேரமும், இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் வரும் நேரமும், மலையிலிருந்து வண்டிகள் இறங்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. இதைவிடப் பொருத்தமில்லாத நேரத்தைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

சனிக்கிழமை என்றால் கதை வேறு. சனிக்கிழமை காலையில்தான் கூட்டம் மலையேறும். மாலையில் மேலே தங்கிவிடும். இறங்குகிற பாதை ஓரளவு காலியாக இருக்கும். மே மாதத்தில் கோடை விழா நடக்கும் வாரத்தை மட்டும் எந்தக் கிழமையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்போது ஏறுவதற்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள். இறங்கும் வண்டிகள் உங்கள் பக்கம் வராது என்று மகிழ வேண்டாம். ஏறும் வண்டிகள் மொத்தமும் உங்கள் பக்கம்தான் வரும்.

அஸ்தம்பட்டிக்காரன்:

ஏற்காட்டு வண்டிகளைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவர் கூடப் பேசவில்லை. சனிக்கிழமைக்கு மாற்றுவதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: நான்கு அணிகளில் இரண்டில் ஆலைகளில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சனிக்கிழமை முறைப்பணி இருக்கும். முதல் ஆட்டத்தில் அவர்கள் இல்லாதபடி அட்டவணையை அமைத்தால் சமாளிக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு அணிகளும் வேறு வேறு அரையிறுதிகளில் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

வாசல்களைப் பொறுத்தவரை, மைதானத்துக்குப் பெரிய வாசல் ஒன்றும், பின்பக்கச் சந்தில் திறக்கும் சிறிய வாசல் ஒன்றும் உள்ளன. சிறிய வாசல் எப்போதும் பூட்டியே இருக்கும்.

வீராங்கனையின் தாய்:

என் மகள் பள்ளிக் காலத்திலிருந்து கால்பந்து ஆடுகிறாள். அவளோடு பல மைதானங்களுக்குப் போய் வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே பேசப்படும் இரண்டும் ஆண்கள் அரையிறுதிகள் என்று புரிந்துகொள்கிறேன். ஆனாலும் இரட்டை ஆட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு நினைவுக்கு வருவது, ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் வெயில் நேரத்தில் ஒரு மகளிர் ஆட்டத்தைச் செருகிவிடும் வழக்கம்தான். கேலரியில் யாரும் இல்லாத நேரத்தில் பெண்கள் ஆடுவார்கள். அவர்கள் பரிசு வாங்கும்போது கூட்டம் உள்ளே வந்து இருக்கை தேடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2018இலும் 2023இலும் வென்றிருக்கிறது. ஆண்கள் அணியைப் பற்றி அண்மைக் காலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் குழு அடுத்த ஆண்டாவது மகளிர் இறுதியை இரண்டாவது ஆட்டமாக வைத்துப் பார்க்கட்டும்.

இந்தத் திட்டத்துக்கு வருவோம். ஆறரை மணிக்கோ ஏழு மணிக்கோ தொடங்கும் ஆட்டம் ஒன்பது மணிக்கு முடியும் என்றால் பெண்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே முதல் ஆட்டத்துக்குக் குழந்தைகளோடு வருவதற்குப் பல தாய்மார்கள் தயாராக இருப்பார்கள். பேருந்துக் காசு பெரிய தடை அன்று. தடை என்பது திரும்பும் நேரமும் கழிப்பறையும்தான். நான்கு மணிக்கு வந்து ஒன்பது மணி வரை உட்கார வேண்டிய இடத்தில், பெண்களுக்கான கழிப்பறையைப் பூட்டி வைத்துச் சாவியை யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பது நான் பார்க்காத காட்சி அன்று. முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் குறைந்த விலையில் ஒரு சீட்டு வையுங்கள். அவர்கள் ஆறு மணிக்கு நிம்மதியாகக் கிளம்பட்டும்.

மேட்டூர் ஆதரவாளன்:

அம்மா சொன்ன தனிச் சீட்டை வெளியூர்க்காரனாக நானும் வேண்டுகிறேன், ஆனால் மறுபக்கமாக: இரண்டாவது ஆட்டத்துக்கு மட்டும் வருபவர்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும். மேட்டூரிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ வருபவனுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் பயணம். மதியம் பன்னிரண்டு மணிக்கே கிளம்பி வந்து யாரோ இரண்டு அணிகள் ஆடுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுமை இருக்காது. மாலையில் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் வருவான். அவனுடைய கவலை ஆட்டம் எப்போது முடியும் என்பதுதான். ஒன்பது மணிக்கு முடிந்தால் புதிய பேருந்து நிலையம் போய் மேட்டூர் வண்டியைப் பிடித்துவிடலாம். பத்து மணியைத் தாண்டினால் நண்பர்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளிலேயே வருவார்கள். உங்களுக்கு வண்டி நிறுத்தும் தொல்லை கூடும், எங்களுக்கு இரவில் ஓமலூர் நெடுஞ்சாலையில் ஓட்டும் ஆபத்து கூடும். நேராகப் பெனால்டி என்ற பொறியாளர் ஐயாவின் யோசனையை இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு கையாலும் வரவேற்கிறேன்.

மரவனேரி ரசிகன்:

இத்தனை ஏற்பாடுகளும் ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்காக என்றால், அந்த ஒரு நாளைச் செலவு செய்துவிடுவதே மலிவு என்று நான் இப்போதும் சொல்வேன். இரண்டு நுழைவுச்சீட்டு, இரண்டு வாசல், விதித் திருத்தம், ஆலை முறைப்பணி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சனிக்கிழமை மாலை ஓர் ஆட்டம், அடுத்த சனிக்கிழமை மாலை ஓர் ஆட்டம் என்று வைத்தால் இவற்றில் முக்கால்வாசி தேவைப்படாது.

சாலைப் பொறியாளர் (ஓய்வு):

மரவனேரியாரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் இரட்டை ஆட்டத்தில் சாலைக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதை அவர் பார்க்க மறுக்கிறார். தனி ஆட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போவார்கள். சரியாகத் திட்டமிட்ட இரட்டை ஆட்ட நாளில் வருகை மூன்று மணி நேரத்துக்குப் பரவும். வெளியேறுவதும் இரண்டு தவணையாக நடக்கும். நடுவில் அந்த இரண்டும் மோதாமல் பார்த்துக்கொண்டால் ரவுண்டானாவுக்கு அது தனி ஆட்டத்தைவிட இலேசான சுமை.

நிறுத்தும் இடத்தைப் பற்றி யாரும் இன்னும் கணக்குப் போடவில்லையே. நாலாயிரம் பேரில் மூவாயிரம் பேர் இருசக்கர வாகனத்தில், வண்டிக்கு இருவராக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 1,500 வண்டிகள். நிறுத்தும் இடம், எடுத்துச் செல்லும் வழி எல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்கு மூன்று சதுர மீட்டர் என்றால் 4,500 சதுர மீட்டர். 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்ற அளவுள்ள முழுக் கால்பந்துத் திடல் 7,140 சதுர மீட்டர். அதாவது திடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் வெறும் இருசக்கர வண்டிகளுக்கே வேண்டும். இன்னும் 500 பேர் காருக்கு நால்வராக வந்தால் 125 கார்கள். காருக்கு 25 சதுர மீட்டர் வைத்தால் மூவாயிரத்துக்கு மேல். மீதி 500 பேர் பேருந்தில் வந்தால் பத்துப் பேருந்துகள். அவை இறக்கிவிட்டுப் போய்விடும், நிலமே வேண்டாம். காரில் வருபவர்களும் பேருந்தில் வருபவர்களும் ஒரே எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் ஆட்டத்துக்கு வந்தவர்களின் வண்டி இரண்டாவது ஆட்டம் முடியும் வரை நகராது என்றால், இரண்டாவதாக வருபவர்களுக்கு முழு இடமும் தனியாக வேண்டும். முதல் ஆட்டத்தோடு போகிறவர்களை வேறு ஓர் இடத்தில் நிறுத்தச் செய்தால் அந்த இடம் ஆறு மணிக்குக் காலியாகி மறுபடி பயன்படும். தாயார் கேட்ட தனிச் சீட்டுக்கு வேறு நிறம் கொடுத்து, அந்த நிறத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துவிடுங்கள்.

சென்னையில் சேப்பாக்கம் ஐபிஎல் ஆட்டங்களுக்கு நுழைவுச்சீட்டைக் காட்டி மாநகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் ஏற்பாட்டை அண்மை ஆண்டுகளில் செய்திருந்தார்கள். ஜெர்மனியில் 2006 உலகக் கோப்பையின்போது ஆட்டச் சீட்டே நகரப் போக்குவரத்துக்கும் சீட்டாக இருந்தது. உங்கள் குழு அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் புதிய பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் இடையில் இரண்டு மூன்று பள்ளிப் பேருந்துகளை வாடகைக்கு எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினால், சனிக்கிழமை மாலையில் அவை சும்மாதான் நிற்கும் என்பதால், செலவு கட்டுப்படியாகும்.

குகை வாசி:

நம் ஊருக்குக் கூட்டம் புதிதன்று என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கும், எங்கள் குகைப் பகுதியில் அலங்கரித்த வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கைக்கும் வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் நாலாயிரம் ஒரு பொருட்டே அன்று. ஆனால் அந்தக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டி கடந்ததும் மக்களும் கலைவார்கள். மைதானத்துக் கூட்டம் மூடிய மதிலுக்குள் உட்கார்ந்திருந்து ஒரே விசிலில் எழுந்து வருவது. திருவிழாவில் பழகிய தன்னார்வலர்களை இதற்கு அப்படியே நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று, வாசலில் தட்டுவடை செட் வண்டிகள். ஆட்டம் என்று தெரிந்தால் பொரி, தட்டுவடை, ஐஸ் வண்டிகள் பெரிய வாசலின் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிடும். பொறியாளர் ஐயா சொன்ன மூன்று மீட்டர் வாசல் நடைமுறையில் ஒன்றரை மீட்டராகிவிடும். அவர்களை விரட்டுவதும் கூடாது. ஐந்து மணி நேரம் உட்காரும் கூட்டத்துக்குச் சாப்பிட ஏதாவது வேண்டும். மைதானத்துக்கு உள்ளேயே, கேலரிக்குப் பின்னால் ஓர் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கிக் கொடுங்கள். வியாபாரமும் கூடும், வாசலும் திறந்திருக்கும்.

நான்கு அணிகளின் ஆதரவாளர்களையும் கலந்து உட்கார வைக்காதீர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கலந்து உட்கார்ந்திருந்த பகுதியில் மோதல் மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்காரர்கள் இரண்டாவது ஆட்டத்துக்கும் உள்ளேயே இருப்பார்கள், கோபத்தோடு இருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:

குழுவின் கூட்டம் நேற்று முடிந்தது. சனிக்கிழமைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். ஆலை அணிகள் இரண்டும் இரண்டாவது அரையிறுதியிலேயே சந்திக்கும்படி லீக் முடிவுகள் தாமாகவே அமைந்துவிட்டதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. முதல் ஆட்டம் மூன்றரை மணிக்கு, இரண்டாவது ஆறேகாலுக்கு. கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி. மூன்றரை மணி வெயிலுக்கு மேற்குப் பார்த்த கேலரியை முதல் ஆட்டத்தின்போது மூடி வைத்து, எல்லாரையும் எதிர்ப்பக்கத்தில் உட்கார வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. மூன்று நிறச் சீட்டுகளும் அச்சாகின்றன. பின்பக்கச் சந்து வாசல் வெளியேறுவதற்கு மட்டும். அதன் சாவி முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே குழுச் செயலரின் கையில் இருக்கும், பூட்டும் வாசலில் தொங்காது. ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் மட்டும் இரண்டு மூத்தவர்களுக்கு இடையில் இழுபறி தொடர்கிறது.

பள்ளிப் பேருந்துக்கு இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறோம். அவை பெரிய வாசல் முன்பு நின்று ஆட்களை இறக்கலாமா, அல்லது ரவுண்டானாவுக்கு முன்பே இறக்கிவிட வேண்டுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மலைப்பாதை:

ரவுண்டானாவுக்கு முன்பே இறக்குங்கள். பெரிய வாசல் முன்பு நின்றால் பின்னால் வரும் நகரப் பேருந்தும் நிற்கும், ஆம்புலன்ஸ் வெளியே வரவும் வழி இருக்காது. நடந்து வர ஐந்து நிமிடம்தான். வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் ஓர் ஆட்டோவை நிறுத்தி வையுங்கள். எங்கள் ஸ்டாண்டில் சொன்னால் இரண்டு பேர் வருவார்கள்.